கட்டுவிரியன் கொடுத்த ரத்தப் பரிசோதனை

காலையில் எழும்போது கண் நன்றாகத் திறக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் ஒரு பக்க இமை கீழிறங்கத் தொடங்கும். சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் படம் இரண்டிரண்டாகத் தெரியும். சாப்பாட்டில் முதல் சில கவளங்கள் சிரமமில்லாமல் இறங்கும். பாதி இலையில் தாடை ஓய்ந்துவிடும், கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு மெல்ல வேண்டிவரும். தலை வாரத் தூக்கிய கை நடுவிலேயே சோர்ந்து இறங்கும். கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். டாக்டரைப் பார்க்கப் போகிற காலை வேளையில் பார்த்து ஒரு அறிகுறியும் இருக்காது. "ரத்தம் கம்மி", "மனசுதான் காரணம்", "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்றெல்லாம் கேட்கப்பட்டு, சத்து மாத்திரையோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். அவர்களில் இளம்பெண்கள் அதிகம்.

இந்த நோயின் பெயர் மயஸ்தீனியா கிரேவிஸ். நெடுநேரம் பேசினால் நாக்கு ஓய்ந்து வாயடைத்துப் போகும் ஒரு பெண்மணியைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-இல் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகள், நோயை உறுதிப்படுத்த ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. இன்று நரம்பியல் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் 'ஏ.சி.எச்.ஆர். ஆன்டிபாடி' என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். சில மில்லி ரத்தம் போதும். அந்தப் பரிசோதனையின் வேர் ஒரு பாம்பின் விஷப்பையில் இருக்கிறது. கொல்வதற்கென்றே உருவான ஒரு பொருள், அதன் குறி அவ்வளவு துல்லியமாக இருந்த காரணத்தினாலேயே, விஞ்ஞானிகள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தேடியும் கையில் அகப்படாத ஒன்றைப் பிடித்துக் கொடுத்தது. எனக்கு இந்தக் கதையில் தீராத வியப்பு இருப்பது அதனால்தான்.

தசை தானாக அசைவதில்லை. நரம்பு சொல்ல வேண்டும். ஆனால் நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. நரம்பில் ஓடிவரும் மின்துடிப்பு நுனியை எட்டியதும், அங்கே நுண்ணிய பைகளில் சேமித்து வைத்திருக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் இடைவெளிக்குள் கொட்டப்படுகிறது. எதிர்ப்பக்கத்தில், தசையின் சவ்வில், அதை வாங்கிக்கொள்வதற்கான புரதங்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. இவையே ஏற்பிகள். ஒவ்வோர் ஏற்பியும் ஒரு மதகு. ஏரி நிறைந்து நின்றாலும் பலகையைத் தூக்கினால்தான் வாய்க்காலில் தண்ணீர் பாயும். இங்கே ஏரித் தண்ணீராக நிற்பவை சோடியம் அயனிகள். இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் வந்து பற்றியதும் பலகை மேலேறுகிறது. ஒரு மில்லி விநாடி அளவுக்குச் சோடியம் உள்ளே பாய்கிறது. பலகை இறங்கிவிடுகிறது. இப்படி எண்ணற்ற மதகுகள் ஒரே சமயத்தில் திறக்கும்போதுதான் தசை சுருங்குகிறது. நாம் கண் இமைப்பதும் சோற்றை மெல்வதும் மூச்சை இழுப்பதும் இந்த வழியாகத்தான்.

இந்த இடத்தில் ஏதோ நடக்கிறது என்ற முதல் துப்பும் நஞ்சிலிருந்தே வந்தது, ஆனால் அது தாவர நஞ்சு. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவும் குராரேயை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு விஞ்ஞானி குளோத் பெர்னார் தவளைக்குச் செலுத்திப் பார்த்தார். நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையை நேரடியாகத் தூண்டினால் அசைந்தது. தசை கெடவில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தடை. 1905-இல் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி, நிகோட்டினையும் குராரேயையும் கோழித் தசையில் வைத்துச் சோதித்துவிட்டு, தசையில் இவற்றை ஏற்கும் பொருள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று எழுதினார். அனுமானம் சரி. ஆனால் பொருள் எங்கே? அதை யாரும் பிரித்தெடுக்கவில்லை, எண்ணவில்லை, பார்க்கவில்லை. உடலில் இருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவில் அது எது என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை.

1934-இல் லண்டனின் கிரீனிச்சில், செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற மருத்துவர் ஒரு காரியம் செய்தார். மயஸ்தீனியா நோயாளிகளின் சோர்வு குராரே ஏறியவரின் சோர்வைப் போலவே இருப்பதைக் கவனித்து, குராரேக்கு மாற்று மருந்தான ஃபைசோஸ்டிக்மைனை ஊசியாகப் போட்டார். தொங்கிக்கிடந்த இமை மேலே ஏறியது. சில மணி நேரம்தான். பிறகு மீண்டும் இறங்கியது. இந்த மருந்து வகை, கொட்டப்பட்ட அசிட்டைல்கோலினை உடல் உடனே சிதைத்துவிடாமல் தடுத்து, இடைவெளியில் அதைக் கூடுதல் நேரம் நிற்க வைக்கிறது. நோயின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. காரணம் தெரியவில்லை. நோயாளியின் ரத்தத்தில் குராரே மாதிரி ஏதோ ஓடுகிறது என்று நினைத்துப் பல ஆண்டுகள் தேடினார்கள். 1960-இல் ஸ்காட்லாந்தின் ஜான் சிம்சன், உடல் தன் ஏற்பிகளைத் தானே எதிர்க்கிறது என்று ஒரு கருத்தை முன்வைத்தார். கருத்தைச் சோதிக்க ஏற்பி கையில் வேண்டும். அது இல்லை.

இனித் தைவானுக்குப் போக வேண்டும். அந்தத் தீவு ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில், மருத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் தைவானியர் தூ சுங்-மிங். தாய்பெய் மருந்தியல் துறையில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் உள்ளூர் மக்களின் வாழ்க்கையிலிருந்தே வந்தவை: அபினி, மூலிகை, பாம்பு விஷம். அவருடைய மாணவர் லீ சென்-யுவான். 1915-இல் பிறந்த லீ, முதலில் கண்ணாடி விரியனின் நஞ்சை ஆராய்ந்தார். அது ரத்தக் குழாய்களுக்குள்ளேயே ரத்தத்தை உறையவைப்பதை நிறுவினார். பிறகு அவர் கவனம் திரும்பியது கட்டுவிரியன் பேரினத்தைச் சேர்ந்த ஒரு பாம்பின் பக்கம். கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள் அடுக்கடுக்காக ஓடும் தைவான் கட்டுவிரியன். நம்மூர்க் கட்டுவிரியனுக்கு நெருங்கிய உறவு.

லீயும் அவருடைய இளம் சகாவான சாங் சுவான்-சியுங்கும் அந்த நஞ்சை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தார்கள். மாவுச்சத்தை ஊடகமாக வைத்து மின்சாரம் செலுத்தினால், நஞ்சில் உள்ள புரதங்கள் தத்தம் மின்னூட்டத்துக்கு ஏற்ற வேகத்தில் நகர்ந்து தனித்தனியே ஒதுங்கும். ஒதுங்கிய பகுதிகளுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த கட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். எலியின் வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை, அதற்குப் போகும் நரம்போடு சேர்த்தே அறுத்தெடுத்து, ஆக்சிஜன் குமிழிகள் ஓடும் உப்புக் கரைசலில் தொங்கவிடுவார்கள். உடலை விட்டு வந்த பிறகும் அது மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். தசையின் நுனியில் ஒரு நூல். நூலின் மறுமுனையில் ஒரு மெல்லிய நெம்புகோல். நெம்புகோலின் முனை, கரிப்புகை படிந்த தாளைச் சுற்றிய ஓர் உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நரம்புக்கு மின்தூண்டல் கொடுக்கக் கொடுக்கத் தசை துடித்து, சுழலும் தாளில் ஒரே உயரத்தில் கோடு கோடாக விழும். கரைசலில் ஆல்ஃபா நஞ்சைச் சேர்க்கிறார்கள். கோடுகள் குட்டையாகின்றன. மேலும் குட்டையாகின்றன. கடைசியில் தாளில் ஒரு சமதளம். இப்போது மின்முனையை நரம்பிலிருந்து எடுத்துத் தசைமேலேயே வைத்தால் தசை பழையபடி துடிக்கிறது. தசைக்கு ஒரு கேடும் இல்லை. வெளியிலிருந்து அசிட்டைல்கோலினை ஊற்றினாலோ அசைவே கிடையாது.

இதுவரை குராரே செய்ததும் இதையேதான். வித்தியாசம் கழுவியபோது தெரிந்தது. குராரே ஏறிய தசையைப் புதுக் கரைசலில் அலசினால் நஞ்சு விட்டுவிடும், துடிப்பு திரும்பும். ஆல்ஃபா நஞ்சு விடவில்லை. எத்தனை முறை அலசினாலும் பிடி தளரவில்லை. மதகின் பலகையைப் பிடித்த பிடியிலேயே நின்றது.

பீட்டா வேறு வேலை செய்தது. அது ஏறிய தசை, வெளியிலிருந்து ஊற்றிய அசிட்டைல்கோலினுக்குச் சுருங்கிக் காட்டியது. அப்படியானால் ஏற்பிகள் நலம். அனுப்ப வேண்டிய நரம்பு நுனிதான் ஓய்ந்துபோயிருக்கிறது. ஒரே பாம்பு, ஒரே துளி நஞ்சில், இடைவெளியின் இரு கரைகளையும் இரண்டு ஆயுதங்களால் அடைக்கிறது. சாங்கும் லீயும் இதை 1963-இல் ஒரு பெல்ஜிய மருந்தியல் இதழில் வெளியிட்டார்கள்.

பீட்டாவை இங்கே விட்டுச் செல்ல எனக்கு மனமில்லை. நம் ஊரில் ஆட்களைக் கொல்லும் கட்டுவிரியன் கடியை அதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை அது ராத்திரியில் கடிக்கிறது. பெரும்பாலும் வலியில்லை, வீக்கமில்லை, பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது என்பார். ராத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். பிறகு இமை தொங்கும், விழுங்க முடியாது, மூச்சு குறையும். பீட்டா வகை நஞ்சின் ஒரு பாகம் நரம்பு நுனியில் பொட்டாசியம் அயனிகள் போகும் வாய்க்காலைப் பற்றிக்கொள்ள, மறுபாகம் நுனியின் சவ்வை அரிக்கிறது. நுனி சிதைந்த பிறகு நஞ்சுமுறிவு மருந்தால் அதைத் திரும்பக் கட்ட முடியாது. நரம்பு புதிதாக வளர வேண்டும். அதுவரை, நாள்கணக்கில், வென்டிலேட்டர்தான் மூச்சு விட வேண்டும். மனிதருக்கு நினைவு தெளிவாக இருக்கும், கண்ணைத் திறக்க மட்டும் முடியாது. நாகப்பாம்புக் கடியில் நிலைமை வேறு. அதன் நஞ்சு பெரும்பாலும் ஏற்பிப் பக்கம் வேலை செய்வதால், மேரி வாக்கரின் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த நியோஸ்டிக்மைன் ஊசி பல நேரம் கைகொடுக்கிறது. கட்டுவிரியனுக்கு அது அநேகமாக உதவாது. வடநெம்மேலியில் இருளர்கள் 1978-இல் தொடங்கி நடத்தும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சுகளில் கட்டுவிரியனுடையதும் ஒன்று. முறிவு மருந்து தயாராவது அதிலிருந்துதான். மருந்து எவ்வளவு சீக்கிரம் உடம்பில் ஏறுகிறதோ அவ்வளவு நரம்பு நுனிகள் மிஞ்சும்.

ஆல்ஃபாவுக்கு வருவோம். 74 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம் அது. விடாப்பிடியாகப் பற்றுகிறது, ஏற்பியை மட்டும் தேடிப் பற்றுகிறது. ஏற்பியைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்குமா? நஞ்சின்மேல் கதிரியக்க அயோடினை ஒட்டிவிட்டால், அது போய் உட்காருகிற இடமெல்லாம் கருவியில் தெரியும். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஏற்பியைத் தேடிக்கொண்டிருந்த ழான்-பியர் ஷான்ஜோவுக்கு லீயின் நஞ்சு கிடைத்தது. அவர் தேடிய இடம் தென் அமெரிக்க மின்விலாங்கு. அந்த மீனின் மின்னுறுப்பு, தசையிலிருந்து மாறி உருவானது. சுருங்குவதை விட்டுவிட்டு மின்சாரம் உண்டாக்குவதையே தொழிலாகக் கொண்டது. அதனால் ஏற்பிகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஷான்ஜோ, காசாய், லீ மூவரும் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், மின்விலாங்கின் ஏற்பிப் புரதத்தை இந்த நஞ்சு பற்றிக்கொள்வதைக் காட்டினார்கள். லாங்லியின் அனுமானம் 65 ஆண்டுகள் கழித்துச் சோதனைக் குழாய்க்குள் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே லண்டனில் ரிக்கார்டோ மிலேடியின் குழு மின்திருக்கையில் அதையே செய்தது. 1972-இல் ஸ்வீடனில் நாகப்பாம்பு நஞ்சை நுண்மணிகளில் ஒட்டி, அவற்றின் வழியாகச் சாற்றை ஓடவிட்டு, ஏற்பியை மட்டும் பிடித்து நிறுத்தினார்கள்.

பின்னாளில் நேஹர், சாக்மன் என்ற இரு விஞ்ஞானிகள் 1976-இல் ஒற்றை அயனி வாய்க்கால் திறந்து மூடுவதை மின்னோட்டமாக முதன்முதலில் பதிவு செய்தபோது, அவர்கள் தவளைத் தசையில் கேட்டது இதே மதகின் அசைவைத்தான். அது 1991-இல் நோபல் பரிசு வரை போன தனிக்கதை.

நோய்க்கான விடை முயல் கூண்டிலிருந்து வந்தது, யாரும் எதிர்பாராமல். கலிபோர்னியாவில் சால்க் நிறுவனத்தில் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ரமும் மின்விலாங்கிலிருந்து தூய்மைப்படுத்திய ஏற்பியை முயல்களுக்கு ஊசி போட்டார்கள். ஏற்பிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியை ஆராய்ச்சிக் கருவியாகப் பயன்படுத்துவதே அவர்கள் நோக்கம். நோய் பற்றிய எண்ணம் இல்லை. முயல்கள் துவண்டு விழுந்தன. கால் பரப்பிக் கிடந்தன, தலையைத் தூக்க முடியவில்லை, மூச்சு திணறியது. மயஸ்தீனியா நோயாளிகளுக்குக் கொடுக்கிற மருந்தைப் போட்டதும் சற்று நேரத்துக்கு எழுந்து நடமாடின. 1973-இல் அந்தக் கட்டுரை வந்தது. மீனின் ஏற்பிக்கு எதிராக முயலின் உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி, முயலின் சொந்த ஏற்பிகளையும் தாக்கிவிட்டது. சிம்சன் சொன்னது இதைத்தான்.

அதே ஆண்டு பால்டிமோரில் ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி மூவரும் நோயாளிகளின் தசைத் துணுக்கை எடுத்து, கதிரியக்க ஆல்ஃபா நஞ்சில் ஊறவைத்து எண்ணினார்கள். ஒரு நஞ்சு மூலக்கூறு உட்கார்ந்தால் ஓர் இடம். ஆரோக்கியமானவருக்கு ஒரு நரம்பு–தசைச் சந்திப்பில் கோடிக்கணக்கில் இருக்கும் இடங்கள், நோயாளிகளிடம் அதில் 11 முதல் 30 சதவீதம் மட்டுமே இருந்தன. "மனசுதான் காரணம்" என்று சொல்லப்பட்டவர்களின் சோர்வுக்கு முதன்முதலாக ஓர் எண் கிடைத்தது. இந்தக் கதையில் என்னை அதிகம் நெகிழவைக்கும் இடம் இது.

தசையை வெட்டி எடுப்பதற்குப் பதில் ரத்தத்தில் பார்க்கும் வழியை லிண்ட்ஸ்ட்ரம் வகுத்தார். மனிதத் தசையிலிருந்து ஏற்பிகளைச் சாறாக எடுக்க வேண்டும். காலை அகற்றும் அறுவை சிகிச்சைகளில் கிடைத்த தசை அதற்குப் பயன்பட்டது. சாற்றில் கதிரியக்க ஆல்ஃபா நஞ்சைச் சேர்த்தால் அது ஏற்பியின்மேல் போய் ஒட்டி அடையாளமிடும். பிறகு நோயாளியின் சீரம். அதில் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால், அது நஞ்சு ஒட்டிய ஏற்பியின் வேறொரு பக்கத்தைப் பற்றிக்கொள்ளும். கடைசியாக, மனித ஆன்டிபாடிகளைக் கொத்தாகப் பிடித்து அடியில் படியவைக்கும் ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். படிவில் கதிரியக்கம் இருந்தால் விடை 'ஆம்'. 1976-இல் 71 நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்ததில் 87 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி கூடுதலாக இருந்தது. இன்றும் இந்த முறையில் வரும் ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'நானோமோல்/லிட்டர்' என்று இருக்கும். அங்கே அளவாக நிற்பது ஆல்ஃபா நஞ்சு ஒட்டுகிற இடங்களின் கணக்கு. கதிரியக்கமில்லாத வேறு முறைகளும் இப்போது புழக்கத்தில் உண்டு.

லீ இதிலெல்லாம் பேர் வாங்கியபின்னும் தாய்பெயிலேயே வாழ்ந்தார். 1991-இல், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய நிலையில், பேச்சுக்காகவே ஆட்களைச் சிறையில் தள்ள வழிசெய்த தைவான் குற்றவியல் சட்டத்தின் 100-ஆவது பிரிவை எதிர்த்து நடந்த இயக்கத்தை முன்னின்று நடத்தினார். அடுத்த ஆண்டு அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

கீரியின் புதிரையும் ஆல்ஃபா நஞ்சு அவிழ்த்தது. பாம்போடு சண்டை போட்ட கீரி ஏதோ பச்சிலையில் போய்ப் புரளும், அதனால்தான் பிழைக்கிறது என்று சொல்லிக் கேட்டிருப்போம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சாரா ஃபுக்ஸின் குழு 1992-இல் கீரியின் ஏற்பியையே எடுத்துப் பார்த்தது. நஞ்சு உட்காரும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. சர்க்கரை மூலக்கூறு ஒன்று அங்கே ஒட்டி நிற்கிறது. அசிட்டைல்கோலின் வந்து போக இடம் உண்டு, ஆல்ஃபா நஞ்சு நுழைய இடமில்லை. இப்படிப்பட்ட மாற்றம் பாம்பின் சொந்த ஏற்பியிலும் உண்டு.

அந்த ரத்தப் பரிசோதனைக்கும் வரம்பு உண்டு என்பதை நோயாளிகளும் வீட்டாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உடல் முழுக்க நோய் பரவியவர்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு 'பாசிட்டிவ்' வரும். கண்ணோடு நிற்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் வரும். 'நெகட்டிவ்' என்றால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. 2001-இல் 'மஸ்க்' என்ற வேறொரு தசைப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி கண்டுபிடிக்கப்பட்டது; முதல் பரிசோதனையில் அகப்படாதவர்கள் சிலர் அதில் அகப்படுகிறார்கள். இரண்டிலும் அகப்படாதவர்களுக்கு நரம்பைத் தொடர்ந்து தூண்டிப் பார்க்கும் மின்பரிசோதனை இருக்கிறது. நோய் உறுதியானால் பைரிடோஸ்டிக்மைன் மாத்திரை உண்டு, ஸ்டீராய்டு உண்டு, மார்பில் தைமஸ் சுரப்பி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் உண்டு. உறுதியானவர் காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்த நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். ஜென்டமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற பழக்கமான ஆன்டிபயாடிக்குகளே மிச்சமிருக்கும் மதகுகளின் வேலையையும் கெடுத்து மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடக்கூடும்.